மாட்டு பி, பன்றி பி

நடந்தது, நடந்த ஒழுங்கில்:

1. சின்னம்மா ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்குப் போனார். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அந்தப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும்.

2. பரீட்சகர், "நீங்கள் செவன் கிங்ஸிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சின்னம்மா "ஓம்" என்றார்.

3. பரீட்சகர் காத்திருந்தார்.

4. சின்னம்மாவும் காத்திருந்தார்.

5. பரீட்சகர் அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டார். சின்னம்மாவும் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக "ஓஓம்" என்றார்.

6. பிறகு தோட்டம் பற்றிப் பேசினார்கள். தக்காளி வைக்கிறீர்களா? ஓம். விதையிலிருந்தா? ஓம். நத்தைத் தொல்லை உண்டா? ஓம், ஓம், ஓம்.

7. முடிவுத் தாள் வந்தது. கேட்டு விளங்கிக்கொள்வது நன்று. பேச்சில் மிகையான தயக்கம். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறார், ஆனால் தொடர்வதில்லை. தோல்வி.

ஏழாவதை நான் மூன்று முறை வாசித்தேன். வேலையில் நான் மென்பொருளைச் சோதிப்பவள். எங்காவது பிழை கண்டால் இரண்டு வரி எழுதுவேன்: எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன. அன்றும் முடிவுத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். சின்னம்மா அனுப்பியது: ஓம். பரீட்சகருக்குக் கிடைத்தது: அம். ஆங்கிலேயர் யோசிக்கும்போது வாயிலிருந்து வரும் சத்தம் 'அம்'. யாழ்ப்பாணத்தார் யோசிக்காமலே சம்மதிக்கும்போது வரும் சத்தம் 'ஓம்'. இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழைதான்.

இதைச் சொன்னதும் சின்னம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அப்ப நான் ஓம் ஓம் எண்டு சொல்லச் சொல்ல, அந்தாள் நான் முனகுறன் எண்டு நினைச்சதோ?"

"முனகல் இல்லை சின்னம்மா. தயக்கம்."

"நான் எங்க பிள்ளை தயங்கினனான்? கேட்டு முடிக்க முன்னமே பட்டுப் பட்டெண்டு சொன்னனான்!"

சித்தப்பா கதிரையில் சாய்ந்தபடி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். தொலைக்காட்சியைவிட வீட்டில் நடப்பது நன்றாக இருந்தால் அப்படிச் செய்வார். "கலியாணம் பேசேக்க என்னைப் பிடிச்சிருக்கோ எண்டு கேட்டதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னனீர். நான் இவ்வளவு காலமும் அது சம்மதம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"அது தயக்கம்தான்," என்றார் சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது; கடவுச்சீட்டு மட்டும் இலங்கையுடையது. வேலை ஒரு தமிழ்க் கடையின் சமையலறையில், ரோல்ஸ் சுற்றுவதும் கட்லட் பிடிப்பதும். அங்கே எண்ணெய்ச் சட்டி யாரிடமும் ஆங்கிலம் கேட்பதில்லை. இவ்வளவு காலமும் குடியுரிமை இல்லாமல் ஒரு குறையும் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், போன வருடம் பாரிஸிலிருந்து பெரியம்மாவின் செய்தி வரும்வரை.

பெரியம்மா இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். அவரால் பாரிஸை விட்டு அசைய முடியாது. சின்னம்மா போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் விசா: படிவம், வங்கிக் கடிதம், வேலையிடத்துக் கடிதம், புகைப்படம், நேரம் கிடைப்பதற்குக் காத்திருப்பு. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் காலையில் ரயில் ஏறி, அக்காவோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மாலையில் திரும்பலாம். சின்னம்மாவுக்கு வேண்டியது அந்த மத்தியானச் சாப்பாடுதான். மன்னர், கொடி, வாக்குரிமை எல்லாம் அதனோடு சேர்ந்து வந்தால் வரட்டும் என்ற அளவில்தான் இருந்தார்.

குடியுரிமைக்கான மற்றப் பரீட்சையில், அதாவது பிரித்தானிய வரலாறும் வாழ்க்கையும் பற்றிய கேள்விகளுக்குச் சரியான விடையைத் தெரிவு செய்வதில், அவர் முதல் முறையே சித்தியடைந்துவிட்டார். புத்தகத்தைத் தேவாரம் போலப் பாடமாக்கினார். ஒரு பழைய அரசனின் ஆறு மனைவிமாரை, யாருக்குத் தலை போனது, யாருக்குத் தப்பியது என்ற விவரத்துடன் வரிசையாகச் சொல்வார். ஆனால் பேச்சுப் பரீட்சையில் பாடமாக்கியதை ஒப்புவிக்க முடியாது. நீங்களாகவே ஒரு தலைப்பைத் தெரிவு செய்து, அதைப் பற்றி இடைமறித்து இடைமறித்துக் கேட்கும் ஒருவரோடு கதைக்க வேண்டும். நீங்களும் அவரிடம் ஏதாவது கேட்க வேண்டும்.

"எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில உப்பிடி ஒண்டும் இல்லை," என்றார் சித்தப்பா. "ராணியின்ர படத்துக்கு முன்னால கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினது. ஒரு தேத்தண்ணி தந்தவை. அவ்வளவுதான்."

"அதுதான் உங்கட இங்கிலீஷ் இண்டைக்கும் அந்தத் தேத்தண்ணியோட நிக்குது."

இரண்டாம் முறைக்கு மூன்று மாதம் இருந்தது. நான் சனிக்கிழமைகளில் காலையில் போவதாக ஏற்பாடு. முதல் வேலை, 'ஓம்' என்ற சொல்லை அகற்றுவது. திட்டம் என்னுடையது; அதை நிறைவேற்றிய முறை சித்தப்பாவுடையது. சின்னம்மா 'ஓம்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் சாமித் தட்டிலிருந்த கைமணியை எடுத்து ஆட்டினார். மணி கேட்டால் 'யெஸ்' என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

"சாமி மணியை வைக்கச் சொல்லு பிள்ளை. பாவம் பிடிக்கும்."

"ஓம் எண்டா மணி அடிக்கிறது எங்கட சமயத்தில உள்ளதுதானே," என்றார் சித்தப்பா.

மூன்று வாரத்தில் பலன் தெரிந்தது, ஆனால் தெரிய வேண்டிய இடத்தில் அல்ல. ஒரு வெள்ளிக்கிழமை மனோர் பார்க் கோயிலில் தீபாராதனை. மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்க, கூட்டம் முழுவதும் "அரோகரா" என்றது. எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற சின்னம்மா, "யெஸ்" என்றார். முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மா கண்ணைத் திறக்கவில்லை. திறக்க வெட்கம் என்று பிறகு சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே மறுபடியும் ஓம்தான். மணியை இடத்தில் வைத்தோம்.

தலைப்பு விடயத்தில் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. கோபம் வந்தால் சின்னம்மாவுக்கு ஆங்கிலம் வரும். ஒருமுறை கவுன்சில் குப்பை எடுக்க வராததற்குத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் இடைவிடாமல் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்; அதில் ஒரு ஓம்கூட இல்லை. ஆகவே அவருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு தலைப்பு வேண்டும். அது சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது, சூப் அடுக்கில், ஒரு தகரப் பேணியில்.

பேணியின் மேல் 'மல்லிகட்டோனி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இது எங்கட சொல் சின்னம்மா. மிளகுத்தண்ணி."

சின்னம்மா நம்பவில்லை. நான் இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினேன். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேணியின் பின்பக்கத்தை வாசித்தார். அங்கேயே நின்று, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். முகம் மாறிக்கொண்டே போனது.

"அப்பிள் போட்டிருக்கிறாங்கள்."

"ஓம்."

"மிளகுத்தண்ணிக்குள்ள அப்பிள்! எந்தக் கோதாரி விழுவான் போட்டது? மிளகு எங்க? கடைசியா, உப்புக்கும் கீழ கிடக்கு! பேரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். ஆரைக் கேட்டு எடுத்தவங்கள்?"

தலைப்பு கிடைத்துவிட்டது. ஆங்கிலம் எப்படி உண்டானது, எங்கெங்கே போனது, யார் யாரிடம் என்னென்ன எடுத்தது. வாங்கிய பேணியை வீட்டில் சித்தப்பா சூடாக்கிக் குடித்தார். நல்லாத்தான் இருக்கு என்றதற்கு இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை.

நான் பட்டியல் போட்டேன். ஆங்கிலத்தின் கதை பட்டியலுக்கு வசதியானது. வந்தவர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். முதலில் கடல் கடந்து வந்த சாக்சன்கள், பிறகு வடக்கிலிருந்து படகில் வந்த கொள்ளைக்காரர், பிறகு பிரெஞ்சு பேசிய பிரபுக்கள். பிறகு அவர்களே கப்பலேறி மற்றவர்களின் வீடுகளுக்குப் போனார்கள்.

சின்னம்மாவுக்கு என் பட்டியல் பிடிக்கவில்லை. சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்கு நினைவில் நிற்கும். ஆகவே சமையலறையைச் சுற்றி வந்தோம். முட்டைக்கும் கத்திக்கும் இப்போதிருக்கும் ஆங்கிலச் சொற்கள் கொள்ளைக்காரர் கொண்டுவந்தவை. ஜன்னலும் அப்படித்தான்: 'விண்டோ' என்றால் அவர்கள் மொழியில் காற்றின் கண்.

"கொள்ளையடிக்க வந்தவன் யன்னலையுமோ குடுத்திட்டுப் போனவன்?"

"நாங்கள் யன்னல் எண்டு சொல்லுறதும் போர்த்துக்கீசச் சொல்தான் சின்னம்மா. பழந்தமிழில காலதர். கால் எண்டா காற்று, அதர் எண்டா வழி."

"பாத்தியே. எங்களிட்டயும் காற்று இருந்திருக்கு." சிறிது யோசித்தார். "பிறகேன் விட்டனாங்கள்?"

நான் அடுத்ததற்குப் போனேன். அவர் சமையலறையைச் சொல்லும் குசினி, சித்தப்பாவின் கதிரை, வாசலில் கழற்றிய சப்பாத்து மூன்றும் போர்த்துக்கீசம் என்றேன். கரண்டி வைக்கும் லாச்சி ஒல்லாந்தருடையது என்றேன். சின்னம்மா லாச்சியை ஒருமுறை இழுத்துப் பார்த்து மூடினார். "அப்ப இந்த வீட்டில என்னதான் என்ர?"

"நான்," என்றார் சித்தப்பா.

"அதுவும் வெளியில இருந்து வந்ததுதான்."

பிரெஞ்சுப் பிரபுக்களின் கதை அவருக்கு நன்றாகப் பிடித்தது. தொழுவத்தில் நிற்கும்போது மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், தட்டில் வந்தால் பிரெஞ்சுப் பெயர், பீஃப். பன்றிக்கும் அப்படியே, போர்க். வளர்த்தவன் ஒரு மொழி, தின்றவன் ஒரு மொழி.

"அப்ப சமைக்கிறது நீர், தின்னுறது நான்," என்றார் சித்தப்பா. "நான் பிரெஞ்சுக்காரன்."

"பிரெஞ்சுக்காரன் எழும்பி வந்து கோப்பையைக் கழுவும்."

இந்த இடத்தில்தான் இன்னொரு பிழையைக் கண்டேன். சின்னம்மா குறிப்புகளைச் சின்ன அட்டைகளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பீஃபும் 'ப', போர்க்கும் 'ப'. தமிழுக்கு இந்த இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துத்தான். எங்கே எப்படி ஒலிக்க வேண்டுமென்பது நாக்குக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். தமிழ்ச் சொல்லில் தெரியும். ஆங்கிலச் சொல்லில் தெரியாது. தோட்டத்தில் பின்வேலியோரம் இருக்கும் பேரி மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். 'என் தோட்டத்தில் ஒரு பியர் மரம் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொன்னார். குடிக்கும் பியர்.

"இருந்தா நல்லாயிருக்கும்," என்றார் சித்தப்பா.

"என்ன பிழை?" என்றார் சின்னம்மா. "பி தானே?"

"அது வேற பி சின்னம்மா."

"எத்தினை பி கிடக்கு?"

இரண்டு. எழுத்தின் பெயரைச் சொன்னாலும் அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பீஃபில் வருவது மாட்டு பி. போர்க்கில் வருவது பண்டி பி. மாட்டு பிக்கு இரண்டு வயிறு, பண்டி பிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும். அதன் பிறகு செவன் கிங்ஸ் வீதிகளில் நடக்கும்போது கடைப் பலகைகளை எல்லாம் பார்த்துச் சத்தமாகப் பிரித்துக்கொண்டே வருவார். "பாங்க், மாடு. போஸ்ட் ஒபிஸ், பண்டி. பேக்கரி, மாடு." வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொண்டு வந்தார்.

செவன் கிங்ஸ் பற்றியும் சொன்னேன். ஏழு அரசர்கள் இங்கே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்று கதை உண்டு. ஊர்ப்பெயர் ஆராய்ந்தவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. யாரோ ஒரு சாக்சன் ஆள், அவருடைய கூட்டத்தார் குடியிருந்த இடம். கூட்டத்தாரைக் குறிக்கும் விகுதிதான் அந்த 'இங்'. பார்க்கிங் என்ற ஊரிலும் அதே 'இங்'. அந்த ஆளின் பெயர் காலப்போக்கில் மறந்து போக, கேட்டவர்கள் தங்கள் காதுக்குப் பட்டபடி ஏழு என்றும் அரசர் என்றும் ஆக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

சின்னம்மா 'செவன்', 'கிங்ஸ்' என்று தனித்தனியே சொல்லிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவங்களும் பிழையாக் கேக்கிற ஆக்கள்தான்," என்றார்.

"ஓம்."

"பிழையாக் கேட்டுப்போட்டு, அதையே ஸ்ரேஷன்ல பெரிசா எழுதியும் வைச்சிருக்கிறாங்கள். நான் ஓம் எண்டது மட்டும் பிழையோ?"

சித்தப்பாவுக்கு வேறு ஒரு மனக்குறை. "நூற்றைம்பது வருசம் எங்கட நாட்டில இருந்தவங்கள். ஆராவது அவங்களுக்குத் தமிழ்ச் சோதினை வைச்சவையோ? தோட்டத்தைப் பற்றிக் கதை எண்டு ஆராவது கேட்டவையோ?"

"தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தா அவங்கள்தான் வடிவாச் சொல்லியிருப்பாங்கள்," என்றார் சின்னம்மா. "தேயிலைத் தோட்டம்."

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, முதல்முறை போன அதே பார்க்கிங் ஊர்ப் பரீட்சை நிலையத்தில். எனக்கு அன்று வேலையில் விடுப்பு இல்லை. ஆகவே முதல் நாளே குடும்பக் குழுவில் ஒரு பட்டியல் அனுப்பினேன். சித்தப்பாவுக்காகத் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் அனுப்பினால் தவறாக வாசித்துச் சொல்லி, சின்னம்மாவைப் பதற்றப்படுத்துவார். ஐந்தே ஐந்து விடயம். ஒன்று, கடவுச்சீட்டு. இரண்டு, பரீட்சைக் கடிதம். மூன்று, ஒன்பதரைக்கு வெளிக்கிடவும். ஐந்து, ஓம் சொல்ல வேண்டாம். நான்காவதாக, காரை நிறுத்த அங்கே இடமில்லை, சின்னம்மாவை வாசலில் இறக்கிவிட்டுப் போங்கள் என்பதை என் வழக்கப்படி சுருக்கி எழுதியிருந்தேன்:

4. பார்க்கிங் இல்லை.

மூன்று மாதமாக மாட்டு பி, பன்றி பி என்று பாடம் நடத்தியவள் நான்தான். அதை அனுப்பும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இனி நடந்தது சின்னம்மா சொன்னபடி. ஒன்பதரைக்குச் சரியாகக் காரில் ஏறினார்கள். சித்தப்பா பட்டியலை இன்னொரு முறை வாசித்தார்.

"பார்க்கிங் இல்லையாம்."

"போன முறை பார்க்கிங்தானே?"

"அதுதான் மாத்தியிருக்கிறாங்கள். இல்லாட்டி அவள் எழுத மாட்டாள். அவள் ஒண்டும் சும்மா எழுதிற பிள்ளை இல்லை."

பார்க்கிங் இல்லையென்றால் வேறு எங்கே? மற்றப் பரீட்சை, அந்த ஆறு மனைவிமார் பரீட்சை, இல்ஃபோர்டில் நடந்தது. ஆகவே இல்ஃபோர்டுக்குப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது பல் வைத்தியம் நடக்கிறது. வரவேற்பில் இருந்தவர் சின்னம்மாவை இருக்கச் சொல்லி, எந்தப் பல் என்று கேட்டாராம்.

எனக்கு அழைத்தார்கள். நான் கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசி பைக்குள், பை மேசைக்குக் கீழே. பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினொரு தவறிய அழைப்புகள்.

பத்து மணி தாண்டிவிட்டது. சித்தப்பா பட்டியலையே மறுபடியும் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தார், அதற்குள் ஆறாவதாக ஏதாவது ஒளிந்திருக்கும் என்பது போல. சின்னம்மாவுக்கு அந்த நேரத்தில் பெரியம்மாவின் நினைவு வந்ததாம். அன்று செவ்வாய், இயந்திரத்தோடு படுத்திருக்கும் நாள். இதைத் தவறவிட்டால் இன்னும் எத்தனை மாதம் என்று நினைத்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கைப்பையைத் திறந்து பரீட்சைக் கடிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை இருபது வருடத்தில் அவர் தானாகத் திறந்து வாசித்ததில்லை. ஒன்று நான் வாசிப்பேன், அல்லது சித்தப்பா வாசித்துத் தவறாகச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, சூப் பேணியை வாசித்தது போல விரல் வைத்து வாசித்தார். முகவரியில் விரல் நின்றது.

"இஞ்சேருங்கோ! இது மாட்டு பி!"

"என்ன மாடு?"

"மாட்டு பி கிடக்கு! இரண்டு வயிறு! பண்டி பி இல்லை! அவள் எழுதினது பண்டி பார்க்கிங், இது மாட்டு பார்க்கிங்! கெதியா எடுங்கோ காரை!"

பல் வைத்தியத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்களாம். அவர்களில் தமிழர் யாரும் இருந்திருக்கக் கூடாது என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பார்க்கிங்கை அடைந்தபோது நான்கு நிமிடம் பிந்திவிட்டது. சின்னம்மாவை வாசலில் இறக்கிவிட்டு சித்தப்பா கார் நிறுத்த இடம் தேடினார். கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்காவது குறிப்பில் உண்மையில் பிழை எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வரவேற்பிலிருந்த பெண், நேரம் கடந்துவிட்டது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்தில் பேச யாருமில்லை. சின்னம்மா தானே பேசினார். "மை நீஸ் லிஸ்ட் இஸ் ராங்." என் அக்காவின் மகள் போட்ட பட்டியல் பிழை. என் பட்டியல் ஒன்றுக்கு எதிராக எழுந்த முதல் பிழை அறிக்கை அது. ஆங்கிலத்தில், தயக்கமில்லாமல், சின்னம்மாவால்.

முன்னால் போனவர் இன்னும் வெளியே வராததால் உள்ளே விட்டார்கள்.

அன்று மாலை வேலை முடிந்து நேரே செவன் கிங்ஸுக்குப் போனேன். சின்னம்மா குசினியில் நின்றபடி, கையில் அகப்பையோடு, முழுவதையும் நடித்துக் காட்டினார்.

"உள்ள போனவுடன அந்தாள் கேட்டவர், ஏன் களைச்சுப் போயிருக்கிறியள் எண்டு. நான் சொன்னன்."

"என்ன சொன்னீங்கள்?"

"எல்லாத்தையும். உன்ர பட்டியல், இல்ஃபோர்ட், பல்லுக் கொதி. அந்தாளுக்கு விளங்கேல்லை, பார்க்கிங்குக்கும் பார்க்கிங்குக்கும் என்ன வித்தியாசமெண்டு. எங்கட பாஷையில இரண்டும் ஒரு எழுத்து எண்டன். எழுதிக் காட்டினன். பிறகு மாடு, பண்டி. பிரெஞ்சுக்காரன் வந்த கதை."

"அட்டைகளைப் பார்த்தீங்களோ?"

"எங்க பாக்கிறது? அட்டை கார்ல."

என் மூன்று மாத ஒழுங்கு, சாக்சன் தொடங்கிக் கப்பல்வரை, காரோடு பார்க்கிங்கைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஓம் சொன்னீங்களோ?"

சின்னம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "முதலே சொல்லிப்போட்டன். சேர், எங்கட ஊரில ஓம் எண்டா யெஸ். நான் அம் எண்டு சொல்லேல்லை. யோசிக்கேல்லை. நீங்கள் போன முறை பிழையாக் கேட்டனீங்கள். பரவாயில்லை, செவன் கிங்ஸையும் பிழையாத்தான் கேட்டனீங்கள்."

"போன முறை வேற ஆளெல்லோ சின்னம்மா?"

"ஆரோ. எல்லாரும் ஒரே காதுதான்."

"கேள்வி கேட்க வேணுமே, கேட்டீங்களோ?"

"கேட்டன். மிளகுத்தண்ணிக்குள்ள ஏன் அப்பிள் போடுறனீங்கள் எண்டு. அந்தாளிட்டப் பதில் இல்லை."

கடைசியாக, நேரம் முடிந்ததும், சின்னம்மா 'ஃபினிஷ்?' என்று கேட்டாராம். பரீட்சகர் பேனையை மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, "ஓம்" என்றாராம்.

"அந்தாள் அம் எண்டிருக்கும்," என்றார் சித்தப்பா. "பாஸ் போடுறதோ விடுறதோ எண்டு யோசிச்சிருக்கும்."

"ஓம் எண்டவர். எனக்குத் தெரியாதே ஓம் எப்பிடி இருக்கிறதெண்டு?"

அடுத்து வந்த சில நாட்கள் அந்த வீட்டில் இதே விவாதம்தான். ஓமா, அம்மா. சின்னம்மா பரீட்சகர் சொன்னதைச் சொல்லிக் காட்டுவார். சித்தப்பா அதையே வேறு மாதிரிச் சொல்லிக் காட்டுவார். பாரிஸிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் இரண்டையும் கேட்டுவிட்டு, தனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் மிளகுத்தண்ணிக்குள் அப்பிள் போட்டது நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

முடிவுத் தாள் தபாலில் வந்தது. சின்னம்மா எனக்காகக் காத்திருக்காமல் தானே திறந்து வாசித்திருந்தார். எனக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, பாஸ். பண்டி பி."

இப்போதைய நிலை இது. பரீட்சைத் தாள் லாச்சிக்குள் இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பம் போய்விட்டது, பதில் வரவில்லை. கடவுச்சீட்டு அதற்குப் பிறகுதான். பெரியம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வழமைபோல நடக்கிறது, உடம்பு முன்போலவே இருக்கிறது. சித்தப்பாவுக்கு அனுப்பும் பட்டியல்களில் ஊர்ப்பெயர்களை இப்போது ஆங்கில எழுத்தில் எழுதுகிறேன். அவர் அவற்றைச் சின்னம்மாவிடம் கொடுத்து வாசிப்பிக்கிறார்.